அண்ணாச்சிக்கு ஒரு சிரட்டை

மலையிலிருந்து இறங்கும் பனி அந்த வைத்தியசாலைக்குள் யாரையும் கேட்காமல் வரும். கேட்க அங்கே கதவும் கிடையாது. நாலு பக்கமும் திறந்த நீளமான ஓலைக் கொட்டகை, வரிசையாகப் பாய்கள், ஒரு மூலையில் எந்நேரமும் கொதிக்கிற கஷாயப் பானை. விடிகாலையில் பனியும் கஷாய ஆவியும் கலந்து கிடக்கும்போது, படுத்திருக்கிறவர்களில் யார் விழித்திருக்கிறார், யார் கனவில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. அவர்களில் சிலருக்கே அது தெரியாது.

அங்கே குருவும் வைத்தியரும் குழந்தையம்மைதான். நாற்பதைத் தொடாத வயசு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தாண்டவராயருக்கோ தலை பஞ்சாக நரைத்துவிட்டது. ஜமீனில் நிலம் அளந்த மனிதர். சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

தாண்டவராயர் வைத்தியம் கற்க வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மனைவி செண்பகவடிவு. எப்போது கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்கிறவள். அப்படிச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் அங்கேயே சரிந்து விழுந்தாள். ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தவருக்கு, பக்கத்தில் படுத்திருந்தவளின் நோவு தெரியாமல் போயிற்று. அந்த வருத்தத்தைச் சுமந்துகொண்டுதான் மலையேறி வந்தார்.

வந்த சில நாளில் குருவிடம் கேட்டார்.

"ஒருத்தர் உள்ளுக்குள்ள எப்படி இருக்காருன்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?"

"கேக்கணும்."

"கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லுதாங்களே."

"பக்கத்துல உக்காந்து திரும்பவும் கேக்கணும்."

அவரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். காலையில் ஒருவர் பாயருகே உட்கார்ந்து "எப்படி இருக்கீய?" என்று கேட்பார். பதில் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். சிலருடைய பதில் மாட்டுக்காரனில் தொடங்கி மருமகளில் சுற்றி உச்சிப்பொழுதில்தான் வயிற்றுவலிக்கு வந்து சேரும். நிலம் அளந்தவருக்கு இது பொறுக்கவில்லை. இப்படிக் கேட்டால் கடைசிப் பாயில் இருக்கிறவரிடம் எப்போது போய்ச் சேருவது? அதற்குள் அவர் சரிந்துவிட்டால்?

யோசித்து யோசித்து ஆற்றங்கரைக்குப் போனார். கூடை நிறையக் கூழாங்கற்கள் பொறுக்கி வந்தார். வெள்ளை, பழுப்பு, கறுப்பு. ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையை வழவழப்பாகத் தேய்த்துப் பாயருகே வைத்தார். விடிந்ததும் கூடையோடு ஒவ்வொரு பாயாகப் போய் நாலே கேள்வி கேட்பார். தூக்கம் வந்ததா, பசித்ததா, வலி எப்படி, மனசு எப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் நோயாளி ஒரு கல்லை எடுத்துத் தன் சிரட்டையில் போட வேண்டும். நன்றாக இருந்தால் வெள்ளை, சுமாராக இருந்தால் பழுப்பு, முடியவில்லை என்றால் கறுப்பு. வாய் பழக்கத்தில் பொய் சொல்லும், கைக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது அவர் கணக்கு.

குழந்தையம்மை சிரட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். நல்லாத் தேச்சிருக்கீய அண்ணாச்சி என்று மட்டும் சொன்னார்.

முதலில் எல்லா நிறமும் விழுந்தன. கறுப்பு விழுந்தால் தாண்டவராயருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தப் பாயருகிலேயே உட்கார்ந்து கால் பிடித்துவிடுவார். செண்பகவடிவின் கதையைச் சொல்லத் தொடங்குவார், பாதியில் நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வார். கஷாயம் ஊற்றும்போது கை நடுங்கிக் கிண்ணத்தில் பாதி, தரையில் பாதி என்று சிந்தும். வெள்ளை விழுந்த அன்றைக்கோ மனிதர் வேறு ஆள். ஒரு பழைய தெம்மாங்கை முணுமுணுத்துக்கொண்டு பனிக்குள் மிதக்கிற மாதிரி நடப்பார்.

பிறகு மெல்ல மெல்லச் சிரட்டைகள் வெளுத்தன. கறுப்பு பழுப்பாயிற்று, பழுப்பு வெள்ளையாயிற்று. காலைப் பனியில் அந்த வெள்ளைக் கற்கள் ஈரத்தோடு மினுங்குவதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும். வலியை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வழி கிடைத்துவிட்டது. வடிவுக்குத்தான் கிடைக்காமல் போயிற்று.

எல்லோரிலும் வெள்ளையான சிரட்டை பேச்சியுடையது. கிழக்கே செம்மணல் தேரிக்காட்டில் கருப்பட்டி காய்ச்சுகிற குடும்பத்துப் பெண். உள்காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாக வந்தவள். பனி விலகுவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பாள். கூடையைக் கண்டதும் கேள்விக்குக்கூடக் காத்திராமல் வெள்ளையை எடுப்பாள்.

கொட்டகையின் கோடியிலிருந்து இருள் பிரியும் நேரத்தில் ஒரு மெல்லிய முனகல் வரும். ஆற்றோரத்து மூங்கில் உரசுகிறது என்று தாண்டவராயர் நினைத்துக்கொள்வார். எழுந்து போய்ப் பார்க்கலாமா என்றும் தோன்றும். கோடிப் பாய் பேச்சியுடையது. பேச்சியின் சிரட்டை வெள்ளை. மூங்கில்தான் என்று திரும்பிப் படுப்பார்.

இடம் கேட்டுக் கீழே பலர் காத்திருந்தார்கள். பௌர்ணமியிலிருந்து அமாவாசைவரை வெள்ளையாகவே இருக்கிறவரை வீட்டுக்கு அனுப்பலாமே என்று தாண்டவராயர் கேட்டார். உங்க கல்லு, நீங்கதான் சொல்லணும் என்றார் குழந்தையம்மை. அப்படி முதலில் தேறியவள் பேச்சி.

அமாவாசைக்கு மறுநாள் காலை மாட்டுவண்டி வந்து நின்றது. பேச்சியின் பாய்க்கு வர வேண்டியவரையும் அதே வண்டி ஏற்றி வந்திருந்தது. மூச்சு இரைக்க இரைக்க அவர் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சி வண்டியில் ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பனி மாட்டின் முழங்கால்வரை இருந்தது. வண்டி தரையில் நிற்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

தாண்டவராயர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வழியனுப்பப் புறப்பட்டார். குழந்தையம்மை கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் உக்காருங்க."

குருவின் கையில் கல் கூடை இருந்தது. இன்னொரு கையில் புதிதாகத் தேய்த்த ஒரு சிரட்டை.

"இது யாருக்கும்மா?"

"உங்களுக்கு. தூக்கம் வந்ததா?"

தாண்டவராயர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கூடைக்குள் கை போயிற்று. தூக்கம் எங்கே வந்தது? கண்ணை மூடினால் அடுப்படி. வடிவு சரிகிறாள், இவர் கை நீட்டுகிறார், கை எட்டுவதில்லை. மாதக்கணக்காக இதே கனவு. விரல் ஒரு கறுப்புக் கல்லைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தார். குருவின் கண்கள் புகையில் சிவந்திருந்தன. விடிய விடியப் பானைக்குத் தீ தள்ளியவர், சேலைத் தலைப்பில் பனி ஈரம் காயாமல், நல்ல பதிலை எதிர்பார்க்கிறவர்போல் நின்றார். விரல் நகர்ந்தது. வெள்ளையை எடுத்துப் போட்டார்.

"பசிச்சுதா?"

வெள்ளை.

"வலி?"

வெள்ளை.

"மனசு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தபடி வெள்ளையைப் போட்டார்.

சிரட்டைக்குள் கல் விழுந்த சத்தம் அடங்கும் முன்பே அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. சொன்னது அவர் வாய்தான். வார்த்தை செண்பகவடிவுடையது. அவளும் இப்படித்தான், இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள்.

"தூங்கினீயளா?" என்று குழந்தையம்மை திரும்பவும் கேட்டார்.

"இல்லம்மா."

"பின்னே?"

"ராவெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வந்து நிக்கிய. உங்க முன்னால கறுப்பைப் போட எனக்கு மனசு வரல."

குழந்தையம்மை திரும்பி வண்டியைப் பார்த்தார்.

வண்டி நகர்ந்துவிட்டிருந்தது. தாண்டவராயர் ஓடினார். வழியில் தலைப்பாகை விழுந்தது, எடுக்கவில்லை. பனிக்குள் சக்கரச் சத்தம் முன்னால் கேட்கிறது, பக்கவாட்டில் கேட்கிறது, வண்டியைக் காணோம். அந்தக் கனவில் கை எட்டாததுபோலவே இருந்தது அவருக்கு. நல்லவேளை, ஆற்றிறக்கத்தில் மாடு தண்ணீர் குடிக்க நின்றது.

வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கையில் கூடை இல்லை.

"பேச்சி, எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் அண்ணாச்சி."

அவர் சக்கரத்துப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரர் திகைத்துப் பார்த்தார். மாடு குடித்து முடித்து வாலை வீசிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பவும் கேட்டார்.

"எப்படி இருக்கே?"

பேச்சி மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"முடியல அண்ணாச்சி. பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான் வண்டியில ஏறினேன்."

"பின்ன ஏன் தாயி தினமும் வெள்ளையைப் போட்டே?"

"கறுப்பைப் போட்டா நீங்க ஒடிஞ்சு போயிருதீய. கை நடுங்குது, சோறு திங்க மாட்டீய. வெள்ளையைப் போட்டா அன்னைக்குப் பூரா பாடிக்கிட்டு நடக்கீய. இங்கன நம்மள்ல ரொம்ப நோவு அண்ணாச்சிக்குத்தான்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். கறுப்புக் கல்லை யாரும் தொடக் கூடாதுன்னு."

தாண்டவராயருக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. நோயாளிகள் எல்லோரும் சேர்ந்து, விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, இத்தனை நாளும் அவருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். வலியோடு பார்த்திருக்கிறார்கள்.

வண்டி திரும்பியது. குழந்தையம்மை பேச்சியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் இறுகியது. உடனே பச்சிலை அரைக்கச் சொன்னார். இந்த வயிற்றோடு இரண்டு நாள் வண்டியில் ஆடியிருந்தால் தேரிக்காட்டுக்கு உடம்புதான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தாண்டவராயருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பேச்சி பழைய பாயிலேயே படுத்தாள். மூச்சிரைத்தவருக்குத் தாண்டவராயர் தன்னுடைய பாயை விரித்துக் கொடுத்தார்.

பேச்சி அன்றைக்கு முழுதும் முனகினாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் காய்ச்சல் வியர்த்து இறங்கி, அவள் அசந்து தூங்கிய பிறகுதான் எழுந்தார். நேராகக் கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்.

குழந்தையம்மை அங்கே பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேல் பனி மறுபடியும் கூடத் தொடங்கியிருந்தது.

"மூங்கில் உரசுதுன்னு நெனச்சுட்டேம்மா. காதுல கேட்டுச்சு. கல்லைப் பாத்துட்டுப் படுத்துட்டேன்."

"எனக்கும் கேட்டுச்சு. அதான் மருந்தை நிப்பாட்டல. நீங்களே கண்டுக்கணும்னு காத்திருந்தேன். வண்டி வந்த பிறகும் பேசாம இருந்துருவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு."

தாண்டவராயர் கூடையைக் கரையில் இறக்கினார்.

"இத்தனை கல்லும் பொய்தானாம்மா?"

"ஒண்ணுகூடப் பொய் இல்ல. இந்தக் கொட்டகையில ஒருத்தர் தேறிக்கிட்டு வாராருன்னு எல்லாரும் போட்டாங்க. அது யாருன்னு நாம பாக்கல."

"ஆத்துல கொட்டிரட்டுமா?"

"வேண்டாம். கடைசிப் பாய்வரைக்கும் தினமும் நீங்க ஒருத்தர்தான் போறீய. நாளைக்கும் கேளுங்க."

"கேட்டா திரும்பவும் வெள்ளையைத்தானே போடுவாங்க?"

குழந்தையம்மை எழுந்து கையை உதறினார். காலையில் தாண்டவராயருக்கென்று கொடுத்த சிரட்டை கரைக்கல்லின் மேல் இருந்தது. உள்ளே கிடந்த வெள்ளைக் கற்களை ஆற்றில் கவிழ்த்துவிட்டு, வெறும் சிரட்டையைக் கூடையின் மேல் வைத்தார்.

"மொதல்ல நீங்க போடுங்க அண்ணாச்சி. எல்லாரும் பாக்க, தூங்காததுக்கு ஒரு கறுப்பு, வடிவக்காவுக்கு ஒரு கறுப்பு. போட்டுட்டு, கஷாயத்தைச் சிந்தாம ஊத்துங்க."