தெருமுனையில் திரும்பும் சத்தம்

பொள்ளாச்சியில் பல்லடம் ரோட்டில் ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது. கிரீஸ் படிந்த நீல பேண்ட்டும் ஒரு தகர ஷெட்டும் உண்டு. பெயர் சாதிக், வயது முப்பத்தெட்டு. பழைய ஜப்பான் வண்டிகளை மட்டும் பழுது பார்ப்பார்.

அவருடைய சீடருக்கு வயது அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற கந்தவேலு. வாரத்தில் ஆறு நாள் ஷெட்டுக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கார்புரேட்டர் கழுவக் கற்றுக்கொண்டிருந்தார். "குரு" என்று முதலில் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார். ஆறு மாதத்தில் கிண்டல் உதிர்ந்துவிட்டது, குரு மட்டும் மிஞ்சினார்.

கந்தவேலுவுக்கு ஒரு பித்து உண்டு. யமஹா ஆர்எக்ஸ் 100. இந்தப் பித்துப் பிடித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஜப்பான் முத்திரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். இண்டிகேட்டர் கண்ணாடி ஒரிஜினல் இல்லையென்றால் சோறு இறங்காது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த வண்டியை வெயிலில் நிறுத்தக்கூட மனசு வராது.

கந்தவேலு அவர்களையும் மிஞ்சியவர். மற்றவர்கள் பார்ப்பதற்காக வாங்கினார்கள். இவர் கேட்பதற்காக வாங்கினார். மூன்று வண்டி வாங்கி, மூன்றையும் பொன் போலாக்கி, சத்தம் சரியில்லை என்று மூன்றையும் விற்றுவிட்டார். இது நாலாவது. எண்பத்தாறாம் வருட வண்டி. ஈரோட்டில் ஒரு பழைய கடையில், உறை பிரிக்காமல் கிடந்த சைலன்சரைத் தேடி எடுத்து வந்து மாட்டியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த வண்டியை ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

"குரு, இதுவும் அது இல்ல."

சாதிக் கிக்கரை உதைத்தார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க சார்."

"நல்லாத்தான் இருக்குது. அந்தச் சத்தம் இல்ல."

"கார்புரேட்டர்ல ஜெட் மாத்தியாச்சு. சைலன்சர் ரெண்டு தடவ மாத்தியாச்சு."

"அதான் விட்டுட்டேன். நாளைக்கு இத வாங்கறதுக்குக் கொச்சியிலருந்து ஒருத்தரு வர்றாரு. குடுத்துட்டு அஞ்சாவது ஒண்ணு தேடலாம்னு இருக்கேன்."

சாதிக் வண்டியை அணைத்தார். இரண்டு வருடமாகக் கேட்காத ஒன்றை அன்றுதான் கேட்டார்.

"எந்தச் சத்தமுங்க சார் அது?"

கந்தவேலு கையிலிருந்த துணியை நாலாக மடித்தார்.

"எம் பையன் சசிதரன் காலேஜுக்கு ஓட்டுனது. கனடா போனப்ப நாந்தான் வித்தேன். சும்மா எடத்த அடைச்சுட்டு நிக்குதுன்னு."

"ம்."

"பொழுதோட ஏழு மணிக்கு வருவான். மாரியம்மன் கோயில் முக்குல திரும்பறப்ப கீர் கொறைப்பான். அந்தச் சத்தம் கேட்டதும் எங்க வீட்டுல தோசைக்கல்ல அடுப்புல வெப்பா. கல்லு காயறதுக்கும் அவன் செருப்புக் கழட்டறதுக்கும் சரியா இருக்கும்."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"நானா? பேப்பர் படிச்சுட்டிருப்பேன்."

கந்தவேலுவின் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. சாதிக்குக்கு அது தெரியும். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாவிய வெச்சுட்டுப் போங்க சார். ஏழு மணிக்கு நானே கொண்டாந்து விடறேன். நீங்க வீட்லயே இருங்க."

"என்ன பண்ணப் போறீங்க?"

"பாக்கறேனுங்க."

கந்தவேலு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்.

பெரிய வீடு. இரண்டு அறைகளைப் பூட்டியே வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சசிதரனிடமிருந்து போன் வரும். அங்கே பனி எவ்வளவு, இங்கே பிரஷர் எவ்வளவு என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள். நாலு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். வாரத்தின் மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான்.

ஆறரைக்கு டிவியை அணைத்தார். காலையில் படித்த பேப்பரையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏழு மணிக்குக் கோயில் முக்கில் ஒரு வண்டி திரும்பியது. கீர் குறைந்தது. சத்தம் ஒரு நொடி தாழ்ந்து, மறுபடி எழுந்து, தெருவுக்குள் வந்தது.

அதே சத்தம். மகன் கனடா போனதிலிருந்து பதினேழு வருடமாக அவர் கேட்காத சத்தம். வந்துவிட்டான் என்று நினைத்தார். நினைத்தது தப்பு என்று தெரிந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. தான் எழுந்து சமையலறைக்குப் போனதும், தோசைக்கல்லை வைத்து அடுப்பைப் பற்றவைத்ததும் அவருக்கே பிற்பாடுதான் உறைத்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்பதற்குள் நாற்காலிக்குத் திரும்பி, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

சாதிக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"வந்துட்டேனுங்க சார்."

கந்தவேலு தலையைத் தூக்கவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?"

சுவர்க் கடிகாரம் ஏழு மணி இரண்டு நிமிடம் காட்டியது. பேப்பர் மெல்லத் தாழ்ந்தது.

"மன்னிச்சுக்கங்க குரு. பழக்கம். அவன் உள்ள வந்ததும் தெனம் இதத்தான் கேப்பேன்."

"அப்பறமுங்க?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. அவன் சாப்புடப் போயிருவான்."

பாக்கெட் மாவு இருந்தது. கந்தவேலு இரண்டு தோசை சுட்டு வந்து வைத்தார். முதல் தோசை கொஞ்சம் பிய்ந்திருந்தது. சாதிக் அதையே முதலில் எடுத்துச் சாப்பிட்டார்.

"என்ன மாத்துனீங்க குரு?"

"ஒண்ணும் மாத்தலீங்க. காத்தால நிறுத்துன வண்டிய இப்பத்தான் எடுத்தேன்."

"அப்ப இத்தன நாளா ஏன் கேக்கல?"

"இத்தன நாளா நீங்க வண்டி மேல உக்காந்துட்டுக் கேட்டீங்க. வீட்டுக்குள்ள உக்காந்து கேட்டது இன்னிக்குத்தானுங்க."

சமையலறையில் கல் புகைய ஆரம்பித்தது. சாதிக்கே எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கை கழுவி, சாவியைப் பேப்பரின் மேல் வைத்தார்.

"கொச்சிக்காரருக்கு என்ன சொல்லட்டுமுங்க?"

"வர வேண்டாம்னு சொல்லிருங்க."

"சரிங்க."

சாதிக் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கந்தவேலு பின்னாலேயே வந்தார்.

"குரு, சசிக்கு இந்தச் சத்தம் நெனப்பிருக்குமா?"

சாதிக் கேட்டைத் திறந்துகொண்டே சொன்னார்.

"அவரு வண்டி மேல உக்காந்து வந்தவருங்க சார். அவருக்குக் கேட்டது, உள்ள வந்ததும் 'ஏன் இவ்வளவு நேரம்'னு நீங்க கேட்டது மட்டுந்தானுங்க."