சுவரைப் பார்க்க வந்த சிறப்பு விருந்தினர்

ஒரு பல்கலைக்கழகத்தில், நூலகத் தாழ்வாரத்தில் ஒரு சுவர் இருந்தது. அதன்மேல் செங்காவியில் ஒரே ஒரு வரி: "ராத்திரியில் நூலகம் எங்களுக்கும் திறக்கட்டும்." விடுதிப் பெண்கள் ஒரு காலத்தில் போராடியபோது தில்லைநாயகி என்ற மாணவி எழுதியது.

அந்தச் சுவருக்கு இப்போது யோகம் அடித்தது. வளாகம் முழுக்க வரலாற்றுக் கண்காட்சி. மரத்தடியெல்லாம் சிற்பங்கள், நடைபாதையெல்லாம் பழைய படங்கள். சுவரும் அதில் ஒரு காட்சிப்பொருள். திறந்துவைக்க வருவது யார் தெரியுமா? அதே தில்லைநாயகிதான். இப்போது ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்.

"அவ கையெழுத்தை இத்தனை காலம் பத்திரமா வெச்சிருக்கேன். ஒரு தடவை வந்து பார்த்துட்டாப் போதும்" என்றது சுவர்.

பக்கத்தில் புதிதாக நட்டிருந்த விளக்கப் பலகை அதட்டியது. "நீ சும்மா இரு. உன் பெருமையை எடுத்துச் சொல்லத்தான் நான் இருக்கேனே!"

ஆனால் அதன் முகத்தைத் திறப்பு விழா வரைக்கும் பட்டுத்துணியால் மூடிவிட்டார்கள்.

முதல்நாள் மதியம் பதிவாளர் பரபரவென்று வந்தார். "பெரிய மனுஷி வர்றாங்க. கண்ணில் படுற சுவரெல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்." நம் ஊரில் யார் வருவதாக இருந்தாலும் அவர்களுக்கு முன்னால் சுண்ணாம்பு வாளி வந்துவிடும். வாளியோடு வெள்ளையடிக்கும் மட்டையும் வந்தது.

"ஐயையோ, என்னை விட்டுடு! அவங்க பார்க்க வர்றதே என்னைத்தான்!" என்று சுவர் கெஞ்சியது.

"எல்லாச் சுவரும் இதைத்தான் சொல்லுது. கை காட்டின இடத்தில் அடிக்கிறது என் வேலை" என்றது மட்டை.

"நம்பலைன்னா பலகையைக் கேளேன்!"

பலகை துணிக்குள் ஏதோ முனகியது. யாருக்கும் விளங்கவில்லை. மட்டை நிதானமாக அடித்து முடித்தது.

மறுநாள் தில்லைநாயகி துணியை விலக்கினார். பலகை கணீரென்று தொடங்கியது. "இதோ, பெண்களுக்கு உரிமையை வென்று தந்த வரலாற்று வரி!"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"அடப்பாவிகளா, யாருய்யா இதுமேல அடிச்சது?" என்று பதிவாளர் பதறினார். சுவருக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சிடும்மா, உன் எழுத்தைக் காப்பாத்த முடியலையே!"

தில்லைநாயகிக்கும் மனசு கனத்துத்தான் போனது. பேச்சை மாற்ற, பூச்செண்டு கொடுத்த மாணவி நிலோஃபரிடம் கேட்டார். "ராத்திரியில் நூலகத்துக்கு வருவியாம்மா?"

நிலோஃபர் பதிவாளரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இல்லைங்க மேடம். பசங்க வருவாங்க. நாங்க விளக்கு வைக்கிறதுக்குள்ள விடுதிக்குப் போயிடணும்."

பலகை தன் பட்டுத்துணியைத் தேடியது.

"அன்னிக்குத் திறந்தாங்களே... திரும்ப எப்போ மூடினாங்க?" என்றார் தில்லைநாயகி.

பதிவாளர் அவசரமாகச் செங்காவியும் தூரிகையும் வரவழைத்தார். "மேடம், உங்க கையாலேயே பழையபடி எழுதிடுங்க. கண்காட்சிக்கு ஒரு குறையும் இருக்காது."

தில்லைநாயகி தூரிகையை வாங்கி நிலோஃபரிடம் நீட்டினார்.

"நான் எழுதினா அது கண்காட்சி. நீ எழுதும்மா."