இரண்டு புள்ளி ஐந்து

நாகர்கோவிலில் தங்கலீலா டைப்செட்டிங் வேலை செய்துவந்தார். கணக்குப் புத்தகங்களும் மருத்துவப் புத்தகங்களும் அவரிடம் வரும். வயது முப்பத்தொன்று. அவரிடம் தொழில் கற்க வந்த வேலாயுதப்பெருமாளுக்கு ஐம்பத்தொன்பது. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை சார் என்பார்.

அந்த வருஷம் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், கடற்கரை ஊர்களில் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மூன்று பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டார்கள். முகாம் டாக்டர் பியாட்ரிஸ் ஈரச் செருப்போடு படியேறி வந்தார்.

"எத்தனை கிலோ குழந்தைக்கு எவ்வளவு மருந்துன்னு தமிழ்ல ஒரே தாள்ல வேணும். எங்க நர்சுங்க ரெண்டு நாளாத் தூங்கலை. அவங்களை மனக்கணக்குப் போட விடக் கூடாது."

"இப்பவே அடிச்சுத் தந்துடலாமே" என்றார் பெருமாள் சார்.

"தினமும் வேற வேற சிரப் வருது சார். ஒண்ணு கெட்டி, ஒண்ணு தண்ணி. வர்றதைப் பார்த்து அங்கேயே அளவை மாத்தி அடிக்கணும். அங்க நெட் கிடையாது. கம்ப்யூட்டரும் இடத்துக்கு ஒரு மாதிரி."

"நான் வரேன்" என்றார் பெருமாள் சார்.

அன்று பகலெல்லாம் உட்கார்ந்து டைப்செட்டிங் மென்பொருள் முழுவதையும் ஒரு பென்டிரைவுக்குள் அடக்கினார். எந்தக் கம்ப்யூட்டரிலும் எதையும் நிறுவாமல், செருகியதும் ஓட வேண்டும். தன் லேப்டாப்பில் ஓட்டினார். பக்கம் அழகாக வந்தது.

"போதுமா டீச்சர்?"

"எதுல ஓட்டிப் பார்த்தீங்க?"

"என் லேப்டாப்லதான்."

"அது உங்க வீட்டு ஆளு. உங்களுக்குச் சாதகமாத்தான் சொல்லும்."

கீழே ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் செருகினார்கள். ஓடவில்லை. லேப்டாப்பில் அந்த பென்டிரைவுக்கு 'இ' என்று பெயர். கடையில் 'ஜி'. அங்கே இல்லாத 'இ'யைத் தேடிவிட்டு மென்பொருள் நின்றுபோனது. பெருமாள் சாருக்கு வியர்த்தது. முகாமில் இப்படி நின்றிருந்தால்?

தான் கிடக்கும் இடத்திலிருந்தே வழி தேடும்படி அதை மாற்றி எழுதினார். ஓடியது. பக்கத்து மருந்துக்கடையில் ஓடியது. எதிர்த்த டியூஷன் சென்டரில் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓடியது. இருட்டுவதற்குள் நான்கு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாயிற்று.

மறுநாள் காலை டாக்டரின் ஜீப்பில் இருவரும் முதல் முகாமுக்குப் போனார்கள். வகுப்பறைகளில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். அழும் சத்தம் குறைவாக இருந்தது. அழவும் தெம்பில்லாத குழந்தைகள்.

தலைமையாசிரியர் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். டாக்டர் அளவுகளைச் சொன்னார். பெருமாள் சார் தட்டினார். ஓட்டினார். எந்த மறுப்பும் இல்லாமல் ஐந்து தாள் வந்து விழுந்தது. டாக்டர் ஒரு பார்வை பார்த்து, "எழுத்து நல்லாத் தெரியுது" என்றார். அதற்குள் யாரோ கூப்பிட, ஓடினார். நர்ஸ் லில்லிபாய் நான்கு தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சமிருந்த தாளை எடுத்துத் தங்கலீலா விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

"சார், பத்து கிலோ குழந்தைக்கு வாந்தி மருந்து எவ்வளவு?"

"ரெண்டு புள்ளி அஞ்சு மில்லி."

"இதுல இருபத்தஞ்சுன்னு இருக்கு."

பெருமாள் சார் திரையைப் பார்த்தார். கரும்பலகையில் ஆயுள் முழுக்க எழுதிய பழக்கத்தில், இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே புள்ளியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தார். திரையில் புள்ளி இருந்தது. தாளில் இல்லை.

அவர் ஓடினார். செருப்பு எங்கேயோ கழன்றது. மூன்று வகுப்பறைகளில் மூன்று தாள்களைப் பிடுங்கினார். நான்காவது லில்லிபாயிடம் இருந்தது. அவர் கையில் காலி மருந்து மூடி.

"ஒரு பையனுக்குக் கொடுத்தாச்சு சார். என்ன?"

பையன் பெயர் ஜெனிஷ். ஒன்றரை வயது. பாதியைத் துப்பிவிட்டதாகத் தாய் சொன்னாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்தார்.

"எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியாது. இதயத் துடிப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். நாலஞ்சு மணி நேரம்."

பெருமாள் சார் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பையன் கண் செருகியது. டாக்டர் அவன் பாதத்தைச் சுண்டினார். விழித்தான். மறுபடி செருகியது.

"நீங்க டாக்டரா சார்?" என்று தாய் கேட்டாள்.

"இல்லம்மா. தாள் அடிச்சவன்."

"தாள்ல ஏதும் தப்பா?"

"ஆமாம்மா. என் தப்பு."

அவள் பிள்ளையை மறைத்தாற்போலத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நண்பகல் போலத் தங்கலீலா வந்து அவர் அருகே குனிந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன் சார். நீங்க ஃபாண்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல அதே பேர்ல பழசு ஒண்ணு கிடக்கு. நேத்து பார்த்த எதுலயும் அது இல்ல, அதனால நம்மளோடதையே எடுத்துச்சு. இந்தப் பழசுக்கு உசரப் புள்ளி தெரியாது. தெரியாததை விட்டுட்டு மீதியை அடிச்சிருக்கு."

"அது ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்."

"சொல்லியிருக்கு. பின்னாடி ஒரு கோப்புல, நானூறு வரிக்கு நடுவுல ஒரு வரி."

பெருமாள் சார் நிமிரவில்லை. தங்கலீலா போய், பென்டிரைவில் இருக்கும் எழுத்துருவைத் தவிர வேறெதையும் தொடாதபடி மாற்றினார். புள்ளியைக் கீழே இறக்கினார். எண்ணுக்குப் பக்கத்தில் 'இரண்டரை' என்று எழுத்திலும் சேர்த்தார். புதுத் தாளை லில்லிபாய் உரக்கப் படிக்க, டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அவர் விரல் மட்டும் பையனின் மணிக்கட்டிலேயே இருந்தது.

மூன்றரை மணிக்கு ஜெனிஷ் கண்ணைத் திறந்து தாயின் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தான். சிணுங்கினான். பிறகு பசிக்கிற குழந்தையாய் வாய்விட்டு அழுதான்.

"இனிப் பயமில்லை" என்றார் டாக்டர். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாம் முகாமுக்கு ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. பெருமாள் சார் வெறுங்காலோடு வந்து பென்டிரைவைத் தங்கலீலாவிடம் நீட்டினார்.

"நான் போகலை டீச்சர். வேற யாரையாவது அனுப்புங்க. அந்தக் கம்ப்யூட்டரை நினைச்சாலே வயித்தைப் பிசையுது."

தங்கலீலா அதை வாங்கவில்லை.

"வேற யாரை அனுப்பினாலும் அவங்களுக்குப் பிசையாதே, சார்."