மாடத்தி ஜாமீன் நின்ன செடி

ஒரு ஊர்ல ஒரு பூக்காத செடி இருந்துச்சாம். ம் சொல்லு தங்கம், ம் சொன்னாதான் கதை நகரும்.

"ம்."

அது யார் வீட்டுச் செடின்னா, சவரிமுத்துன்னு ஒரு பழைய பஸ் கண்டக்டர் வீட்டுச் செடி. ரிட்டயர் ஆயி நாலு வருஷம் ஆச்சு, ஆனாலும் விசில் மட்டும் சட்டைப் பையிலேயே கெடக்கும். ஒரு விசில் அடிச்சா பஸ் நிக்கணும், பீப். ரெண்டு அடிச்சா கெளம்பணும், பீப் பீப். பெஞ்சாதி போய்ச் சேந்துட்டா. ஒரே மக, பேரு அமலி. அவ வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போறப்போ இந்தச் செடிய வாங்கி ஜன்னல்ல வச்சுட்டு, "அப்பா, இது பூக்குற அன்னைக்கு போன் பண்ணுங்க, லீவு போட்டு ஓடி வந்துருவேன்"னு சொல்லிட்டுப் போனா.

வேடிக்கையான செடி அது. அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடி. எலையெல்லாம் சுத்திச் சுத்தி அடுக்கியிருக்கும், நடுவுல கிண்ணம் மாதிரி ஒரு குழி. அதுல தண்ணி ஊத்தினா அப்படியே நிக்கும். அதனால தெருவுல எல்லாரும் கிண்ணச்செடின்னே சொன்னாங்க. எலை வந்துச்சு, பூ வரல. ஒரு வருஷம் போச்சு, ரெண்டு போச்சு, மூணும் போச்சு. மகளும் வரல. வான்னு கூப்பிடவும் அவருக்கு வாய் வரல. செடி பூக்கட்டும், அப்போ கூப்பிடலாம்னு இருந்தாரு.

அடுத்த வீட்ல மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு வாழைக்காய் மண்டியில வேலை. காயத் தாரோட ஒரு ரூம்ல அடுக்கி, பானையில வறட்டியும் சருகும் போட்டுப் புகைய ஊதி விட்டு, கதவிடுக்க ஈரச்சாக்கால அடைச்சுருவா. காய் பழமாயிரும். அவ மூக்கு இருக்கே, அது சாதாரண மூக்கு இல்ல. கதவத் தெறக்காமலே நின்னு மோந்து பாத்து, கதலித் தாரு பழுத்துட்டு, கோழிக்கூடு வாழைக்கு இன்னும் ஒரு பொழுது வேணும்னு சொல்லுவா. தெறந்து பாத்தா அப்படியே இருக்கும். மண்டி மொதலாளியே அவ சொல்றதுக்கு முந்தி கதவத் தொட மாட்டாரு. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

சரி. அப்புறம் சவரிமுத்து செடியப் பூக்க வைக்கக் கெளம்பினாரு. மொதல்ல மீன் கழுவின தண்ணிய ஊத்தினாரு, சொட சொட சொடன்னு. தெருவுல உள்ள பூனை அம்புட்டும் மியாவ் மியாவ்னு ஜன்னலுக்கு வந்துட்டு. எலை கொழுத்துச்சு, பூ இல்ல.

அப்புறம் வெயில் பத்தலன்னு யாரோ சொன்னாங்க. மொட்டை மாடியில கொண்டு போய் வச்சாரு. நாலே நாள்ல எலை நுனி அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு கருகிப் போச்சு. ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்தாரு, பாவம்.

மூணாவதாதான் அரிவாள எடுத்தாரு. பயப்படாத. காய்க்காத மரத்துக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் வெட்டப் போறேன்னு மெரட்டணும். இன்னொருத்தர் ஓடி வந்து கையப் புடிச்சு, வேண்டாம், வர்ற வருஷம் காய்க்கும், அதுக்கு நான் ஜாமீன்னு சொல்லணும்.

"செடிக்குக் காது இருக்கா?"

இருக்கோ இல்லையோ, அவருக்கு நம்பிக்கை இருந்துச்சு. ஜாமீன் நிக்க மாடத்தியக் கூப்பிட்டாரு. அவளும் சிரிச்சுக்கிட்டே வந்தா. அவரு அரிவாள ஓங்கினாரு. ஆனா கண்ணு நெறஞ்சு நின்னுச்சு. அவ அதப் பாத்துட்டா. வர்ற வருஷம்னு சொல்லணும், அதான் வழக்கம். இன்னும் ஒரு வருஷம் இந்த மனுசன் தாங்குவாரான்னு நெனச்சா, அந்தச் சொல்லு அவ வாயில வரல.

"ஒரு மண்டலத்துல பூக்கும் அண்ணாச்சி. அதுக்கு நான் ஜாமீன்"னு சொல்லிப்புட்டா.

மண்டலம்னா எத்தன நாளுன்னு கேட்டாரு. நாப்பத்தெட்டுன்னா. நேரே போய்க் காலண்டர்ல கோடு போட்டாரு. அப்போ ஒண்ணு சொன்னாரு பாரு.

"அன்னைக்கும் பூக்கலேன்னா, இனி நான் அமலிய வரச் சொல்லிக் கேக்கவே மாட்டேன், மாடத்தி."

அன்னைக்கு அவளுக்குச் சோறு எறங்கல. மறுநாள் மண்டியில கதவிடுக்க அடைச்சுக்கிட்டு இருந்தவ, சாக்கோட அப்படியே நின்னுட்டா. காயப் பழமாக்குற ரூம், செடியப் பூக்க வைக்காதான்னு தோணிட்டு. எவ்வளவு பெரிய யோசனை பாரு. பழுக்குற பழத்தோட ஆவி பட்டா அன்னாசிச் சாதிச் செடி பூக்கும்னு படிச்சவங்க பொஸ்தகம் பாத்து அறிஞ்சத, அவ ஈரச்சாக்கக் கையில வச்சுக்கிட்டே கண்டுபிடிச்சா. ஓடிப் போய்ச் செடிய வாங்கிட்டு வந்தா. கிண்ணத்துத் தண்ணியக் கவுத்துட்டு, புகைப்பானைக்குத் தள்ளி, பழுக்குற தாருக்கு நடுவுல வச்சுப் பூட்டினா. செடியப் பழுக்க வச்சு எந்தக் கடைக்கு அனுப்பப் போறன்னு மண்டியே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும்னு இருந்தா. ரெண்டு நாள் கழிச்சுத் தெறந்தா, பழ வாசனை கமகமகமன்னு வருது. செடி மட்டும் சும்மா நிக்குது.

எலை எலையாத் தொடச்சு, கிண்ணத்துல தண்ணி ஊத்தி ஜன்னல்ல வச்சா. அப்புறம் தினம் வந்து மோந்து பாப்பா. பத்து நாள் ஆச்சு. முப்பது ஆச்சு. நாப்பத்தேழும் ஆச்சு. ஒரு வாசனையும் இல்ல. தன் மூக்கு மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துட்டு.

நாப்பத்தெட்டாம் நாள் காலையில சவரிமுத்து செடியத் தூக்கிக்கிட்டுக் குப்பைத் தொட்டிக்கு நடந்தாரு. மாடத்தி அதப் பாத்துட்டா. ஓடிப் போய் மறிச்சா. "தண்ணியக் கவுத்துட்டுப் போடும் அண்ணாச்சி, கனக்கும்ல"ன்னா. வேற என்ன சொல்றதுன்னு அவளுக்குத் தெரியல.

அவரு கவுத்தாரு. பொளக்குனு கலங்கின தண்ணி விழுந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா, கிண்ணத்து அடியில, சுண்டு வெரல் நுனி அளவுக்கு, செக்கச் செவேல்னு ஒரு மொட்டு. அந்தப் பூவுக்கு வாசனையே கெடையாது தங்கம், அதான் மூக்குக்கு எட்டல.

அப்புறம் போன் போட்டாரு. அமலி அழுதுட்டா. ஆனா, லீவு கெடைக்க ரெண்டு மாசம் ஆகும்ப்பா, அதுக்குள்ள பூ வாடிருமேன்னா. அவரு மொகம் சுருங்கிப் போச்சு. நம்ம மல்லிப்பூ ஒரு நாள்ல வாடுது, செம்பருத்தி சாயங்காலமே சுருளுது. ஆனா இந்தப் பூ மெதுமெதுவா மேல வந்துச்சு, வந்து விரிஞ்சு நின்னுச்சு, நின்னது நின்னபடியே இருந்துச்சு. ஒரு மாசம் ஆச்சு, வாடல. ரெண்டு மாசம் ஆச்சு, வாடல. மூணு வருஷம் காக்க வச்ச செடி, இப்போ அது காத்துக்கிட்டு இருந்துச்சு.

ஒரு நாள் டவுன் பஸ் வந்துச்சு. அந்தத் தெருவுல ஸ்டாப்பே கெடையாது. ஜன்னல்ல மக மொகத்தப் பாத்த சவரிமுத்து பையிலேர்ந்து விசில எடுத்து, பீப்னு ஒண்ணு அடிச்சாரு. டிரைவர் தன்னையறியாம பிரேக்க மிதிச்சுட்டாரு. கிறீச். பஸ் அவரு வாசல்லயே நின்னுச்சு.

அமலி உள்ள வந்து பூவப் பாத்தா, குனிஞ்சு மோந்து பாத்தா. அப்புறம் மாடத்தி கையப் புடிச்சு மொகத்துல வச்சுக்கிட்டா.

"வாசனை இங்கதான இருக்கு, அத்தை"ன்னா.

ம் சொல்லு. ம் வரலியே. சரி, நம்ம ஸ்டாப்பும் வந்துட்டு. பீப். கதை நின்னுட்டு, எறங்கித் தூங்கு.