உறைந்த எண்ணெயும் உதைத்த குதிகாலும்

மரங்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், தேங்காய் எண்ணெய் உறைந்ததே இல்லை. பன்னிரண்டு மாதமும் தண்ணீர் போல ஓடும். மலையடிவாரத்தில் ஒச்சன், சிலம்பாயி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒற்றைத் தென்னை. அதன் எண்ணெயைப் பூசித்தான் ஒச்சன் மினுமினுப்பாகத் திரிந்தான்.

ஒரு கோடையில் தென்னையின் ஓலைகள் காய்ந்து தொங்கின. ஒச்சன் கிணற்றில் இறைத்து மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒச்சா, வேர் வறண்டு கிடக்கிறது. ஒரு குடம் ஊற்று" என்றது தென்னை.

"மழை வரும், குடித்துக்கொள்."

"அதுவரை நான் இருக்க வேண்டாமா?"

"எண்ணெய் கொடுக்கிற திமிர்" என்று ஒச்சன் அடிமரத்தில் குதிகாலால் ஓங்கி உதைத்தான். சிலம்பாயி மட்டும் தினமும் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் அதன் தூரில் ஊற்றி வந்தாள்.

மார்கழி வந்தது. வாடைக்காற்று வீட்டுக்குள் புகுந்தது. அவர்களுடைய நாலு மாதக் குழந்தைக்குக் கன்னம் வெடித்தது, பிறகு உதடு வெடித்தது. பால் குடிக்க வாய் வைத்தால் ரத்தம் கசியும். வீறிட்டு வாயை எடுத்துவிடும். இரண்டு நாளாகக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அழக்கூட இல்லை.

ஒச்சன் எண்ணெய்ப் பானையைச் சாய்த்தான். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. கத்தியால் ஒரு கட்டியைப் பெயர்த்துக் குழந்தையின் கன்னத்தில் வைத்தான், கீறியது. அதைக் கொட்டாங்குச்சியில் போட்டுவிட்டு, பதற்றத்தில் பானையை எரிகிற அடுப்பில் தூக்கி வைத்தான். பானை படாரென்று வெடித்து எண்ணெய் முழுவதும் சாம்பலில் போனது. மிச்சம் அந்த ஒரு கட்டிதான்.

அரிவாளோடு தென்னையிடம் ஓடினான். "எண்ணெயை இளகச் சொல். இல்லாவிட்டால் வெட்டிச் சாய்ப்பேன்."

"வெட்டு. அப்புறம் யாரிடம் கேட்பாய்?"

"கோடையில் நடந்ததை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்."

"மறப்பாய். உதைத்தவனுக்கு அது சுலபம். வாங்கினது நான்."

சிலம்பாயி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கொட்டாங்குச்சியுமாக வந்தாள். "மாமா, பிள்ளையைப் பிடி" என்றாள். பிள்ளையை வாங்க அவன் அரிவாளைக் கீழே போட வேண்டியிருந்தது.

அவள் கட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். "ஆத்தா, இது உனக்குத் தண்ணி ஊத்தின கை. இதுக்காவது இளகு."

கட்டி இளகவில்லை. அவள் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல விரலிடுக்கில் ஈரம் கசிந்தது. அதைத் தொட்டுக் குழந்தையின் உதட்டில் பூசினாள். குழந்தை நாக்கை நீட்டிச் சப்பியது. பிறகு முகத்தைத் திருப்பி அவள் மார்பைத் தேடியது.

ஒச்சன் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, வழிந்த எண்ணெயைத் தொட்டு, வாடையில் வெடித்திருந்த தன் குதிகாலில் பூசக் குனிந்தான்.

"முகத்துக்கு இளகுவேன், கைக்கு இளகுவேன்" என்றது தென்னை. "அந்தக் குதிகாலுக்கு மட்டும் மனசு வராது."

அன்று முதல்தான் மார்கழி வந்தால் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகிறது; உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இளகுகிறது. முகம் ஆறிவிடும், உதடு ஆறிவிடும். எவ்வளவு பூசினாலும் குதிகால் மட்டும் தை பிறந்த பிறகும் வெடித்தே கிடக்கும்.