காற்றுக்காக வைத்திருந்த மணம்

அந்தக் காலத்தில் செடிகளுக்கும் வாய் இருந்தது. காலைப் பனி விலகும்வரை தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் அடங்கிவிடும். மலையடிவாரத்தில் ஓடைக்குத் தண்ணீர் மொள்ளப் போகிறவர்களுக்கு அந்தப் பேச்சு, அரைத் தூக்கத்தில் கேட்கும் குரல்போலக் காதில் விழும்.

அந்த ஓடையோரம் ஒரு புதினாச் செடி நின்றது. உலகத்துக்கே அது ஒன்றுதான். ஆள் உயரம், கிளையே இல்லாத ஒற்றைத் தண்டு. வருஷம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இலைகளில் மணத்தைச் சேர்த்து, பூக்கிற அன்று மொத்தத்தையும் காற்றிடம் கொடுத்துவிடும். அதற்குப் பதிலாகக் காற்று கோடையிலும் ஒரு மேகத்தை இழுத்துவந்து அதன் தலைமேல் நிறுத்தும். பூக்கிற நாளில் ஏழு மலைக்கும் மணம் போகும். ஏர் ஓட்டுகிறவன் ஏரை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி நிற்பான்.

ஓடைக்கு இந்தப் பக்கம் சிலம்பாயியும் அவள் தங்கை தேவானையும் இருந்தார்கள். தேவானை மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். புருஷன் தூரத்து மலைக்கு மாடு ஓட்டிப் போயிருந்தான். அவளுக்கு ஒன்பது நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சியை வாயருகே கொண்டுபோனாலே குமட்டினாள். வளையல்கள் கையை விட்டுத் தாமாகவே கழன்று விழுந்தன.

"அக்கா, எனக்கு ஒண்ணும் வேணாம். சும்மா பக்கத்துல உக்காந்திரு" என்றாள் அன்று விடியலில். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சிலம்பாயி அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தாள்.

பனிக்குள் புதினா நின்றது. நுனியெல்லாம் மொட்டு, மறுநாள் பூத்துவிடும். அரிவாளைப் பார்த்ததும் அதன் இலைகள் நடுங்கின. சிலம்பாயிக்குக் கை எழவில்லை. அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பொண்ணே, அறுக்கத்தானே வந்தே?"

"ஆமா தாயி. எந்தங்கச்சி சாகக் கெடக்கா. உன் வாசம் பட்டா ஒரு வாய் கஞ்சி எறங்குமோன்னு நெனச்சேன்."

"நாளைக்குப் பூப்பேனே. காத்தே உன் வாசலுக்குக் கொண்டாந்து குடுக்கும்."

"நாளைக்கு அவ இருப்பாளான்னு தெரியலையே."

புதினா தன் மொட்டுகளை ஒருமுறை அசைத்துப் பார்த்தது.

"நான் ஒத்தத் தண்டு. அறுத்தா பொழைப்பேனான்னு எனக்கும் தெரியாது" என்றது கடைசியில். "வேரைப் புடுங்காதே. நாலு விரக்கடை விட்டு அறு. வெயில் ஏறுறதுக்குள்ள அறுத்துடு."

சிலம்பாயி கண்ணீரோடு அறுத்தாள். இலைகளை உருவிக் கொதிக்கிற பானையில் போட்டு மூடினாள். மூடியைத் திறந்தபோது அதன் அடியில் துளித்துளியாக எண்ணெய் மின்னியது. ஒரு வருஷத்து மணம் அது. விரலால் தொட்டுத் தங்கையின் மூக்கருகே காட்டினாள். தேவானை மெல்ல மூச்சை இழுத்தாள். தூக்கத்தில் ஏதோ நல்ல கனவு கண்டவள்போல அவள் முகம் இளகியது.

"அக்கா, பசிக்குது."

மறுநாள் காலை காற்று வந்தது. பூவைக் காணோம். தரையோடு ஒரு கட்டைத் தண்டுதான் நின்றது.

"எனக்குச் சொன்ன வாக்கு என்னாச்சு?" என்று கேட்டது காற்று.

"அறுத்தவ நானு. என்னைய என்ன வேணா பண்ணு. அதை விட்டுடு" என்று சிலம்பாயி குறுக்கே வந்து நின்றாள்.

"உன்மேல எனக்குக் கோவமில்லை. ஆனா மனுஷக் கைக்குக் குடுத்தது மனுஷக் கைக்கே போகட்டும். இனி இதோட மணத்தை நான் சுமக்க மாட்டேன். தொடுறவங்களுக்கு மட்டுந்தான் அது தெரியும்." சொல்லிவிட்டு மேகத்தையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து சிலம்பாயியே மேகமானாள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். களை பறித்தாள். வெயில் சுடாமல் ஓலை சாய்த்து வைத்தாள். இலை உருவிய வெறுந்தண்டைத் தூக்கி எறிய மனம் வராமல், துண்டுதுண்டாக ஓடைச் சேற்றில் படுக்கவைத்தாள். அறுத்த கட்டைத் தண்டு கறுத்தது. புதினா வாய் திறக்கவேயில்லை.

எட்டாம் நாள் அறுத்த இடத்துக்குக் கீழே, இரு பக்கமும் இரண்டு துளிர். சேற்றில் கிடந்த துண்டுகளிலும் கணுவுக்குக் கணு வேர். ஓடைக்கரை நெடுகப் பச்சை முணுமுணுப்பு கேட்டது.

"பயப்படாதே பொண்ணே" என்றன எல்லாம் ஒரே குரலில். "இத்தனை காலமும் பேச்சுத் துணைக்கு இனத்துல ஒருத்தரும் இல்லாம நின்னேன். இப்ப எத்தனை பேர் பாத்தியா?"

புதினா ஆள் உயரம் வளர்வதை விட்டுத் தரையோடு படர்ந்ததும், அறுக்க அறுக்கத் தழைத்ததும், மொட்டு வைக்கும் பருவத்தில் எண்ணெயை நிறைத்துக்கொண்டு, ஒரு கை வந்து தொடும்வரை மணத்தை இலைக்குள்ளேயே வைத்திருப்பதும் அன்று தொடங்கியதுதான்.