எது கடைசி மடல்?

ஆட்காட்டிக் குருவிக்கு அநியாயம் நடந்துவிட்டது. நான்கு முட்டைகளை அது அடைகாத்துக்கொண்டிருந்த கூழாங்கல் மேட்டின் நடுவே வாய்க்கால் வெட்டுவதென்று காடே முடிவு செய்திருந்தது. அதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

காட்டுப்பன்றி வந்து மேட்டில் மூக்கால் கோடு கிழித்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

"பன்றியண்ணே! என்ன பண்றீங்க?"

"மழை வருதில்ல? குளம் நிரம்பினா எல்லார் வளையும் மூழ்கிடும். மிச்சத் தண்ணி போக வாய்க்கால். நாளைக்குக் காலையில வெட்டறோம். முட்டையை எடுத்துட்டு வேற இடம் பாரு."

"எடுத்துட்டுப் போறதுக்கு இது என்ன மூட்டை முடிச்சா? இங்கே வெட்டச் சொன்னது யாரு?"

"மடல்ல இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் பன்றி நடையைக் கட்டியது.

அந்தக் காட்டில் எல்லா வேலையும் மடல் வழியாகத்தான். தேக்கிலையில் நகத்தால் கீறி எழுதுவார்கள். கிளிகள் அதை வளை வளையாகக் கொண்டுபோய்ப் போடும். ஒருவர் எழுதினால் காடு முழுக்க நகல் போகும். பெற்றவர் ஒரு வரியைத் திருத்தி மறுபடி காடு முழுக்க அனுப்புவார். இதையெல்லாம் மேற்பார்வை பார்ப்பவர் உடும்பார். அந்தப் பதவியை அவர் பிடித்திருந்தது அசல் உடும்புப்பிடி!

ஆட்காட்டிக்குக் கோபம்தான். ஆனால் கோபத்தை ஆர்வம் முந்திக்கொண்டது. போன வாரம் வரை மேற்குக் கரையில் வாய்க்கால் என்றுதானே பேச்சு? அதை யார் மாற்றியது? எப்போது? முட்டைகளைத் துணையிடம் ஒப்படைத்துவிட்டு, மேட்டோரம் குவிந்து கிடந்த மடல்களைக் கிளறியது.

நாற்பத்தொரு மடல்கள்! அதில் இருபத்தாறில் "நன்றி", "சரி", "நானும் அதே" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. மற்றவற்றில் "கடைசி வரைபடம்", "திருத்திய கடைசி வரைபடம்", "இதுதான் உண்மையிலேயே கடைசி", "மன்னிக்கவும், முன்னது தப்பு, இதைப் பாருங்கள்"! ஒன்றில் வாய்க்கால் மேற்கே போனது. ஒன்றில் வடக்கே போனது. ஒன்றில் மேட்டைப் பிளந்துகொண்டு போனது.

வழியில் யானையையும் முயலையும் விசாரித்துக்கொண்டு ஆட்காட்டி நேரே உடும்பாரிடம் போனது.

"ஐயா, இதுல எது கடைசி மடல்?"

"எது கடைசியா வந்துச்சோ, அது."

"யானையண்ணனுக்குக் கடைசியா வந்தது வேற, முயலுக்குக் கடைசியா வந்தது வேற. ரெண்டையும் பார்த்துட்டுத்தான் வர்றேன்!"

"உனக்கு அனுப்பினோமா இல்லையா?"

"அனுப்பினீங்க. முப்பத்தொன்பதாவதா! முயலோட ரெண்டு 'நன்றி'க்கு நடுவுல!"

"படிக்காதது உன் தப்பும்மா."

"பாதி என் தப்புன்னே வச்சுக்குங்க. மேற்கை மாத்தினது யாரு? அதைச் சொல்லுங்க!"

"பல கை பட்ட மடல். யாருன்னு எப்படிச் சொல்றது?" உடும்பார் கண்ணை மூடிக்கொண்டார்.

இவரோடு வாதாடிப் பயனில்லை. ஆட்காட்டி குளத்தோரம் வந்தது. அங்கே ஈரக் களிமண் பாய் விரித்ததுபோல் பரந்து கிடந்தது. அதில் குளத்தை வரைந்தது. பழைய முடிவுப்படி மேற்கே ஒரு கோடும் இழுத்தது. பிறகு கத்திய கத்தலில் காடே கூடிவிட்டது.

"இனிமே ஒரே படம்தான்! திருத்தணும்னா இங்கே வந்து திருத்துங்க. மடல் வேண்டாம்!"

"யார் வேணும்னாலும் அழிச்சுட்டுப் போயிட்டா?" என்றார் உடும்பார்.

"அழிக்கட்டுமே, பார்க்கலாம்!" என்றது ஆட்காட்டி.

என்னதான் நடக்கிறதென்று பார்க்க ஒவ்வொருவராகப் படத்தருகே வந்தார்கள். முயல் தன் வளையைக் குறித்தது. யானை தான் குளிக்கும் இடத்தைக் குறித்தது. "அட, நீ இங்கேயா இருக்கே?" என்று பன்றி முயலைப் பார்த்து வியந்தது. வெயில் ஏறியதும் எல்லோரும் நிழலுக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது மேற்குக் கோடு அழிந்திருந்தது. புதுக்கோடு மேட்டைப் பிளந்துகொண்டு போயிருந்தது!

"யார் வேலை இது?" யானை பிளிறியது.

ஆட்காட்டி குனிந்து பார்த்தது. களிமண்ணில் ஐந்தைந்து நகங்கள் பதிந்த தடம். நடுவே நீளமாக வால் இழுபட்ட கோடு. தடம் மேற்குக் கரையிலிருந்து வந்து மேற்குக் கரைக்கே போயிருந்தது.

எல்லோரும் உடும்பாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம், நான்தான்! மடல்லயும் நான்தான் மாத்தினேன். என் புது வளை மேற்குக் கரையிலதான் இருக்கு. வெளியே சொன்னா, தன் வீட்டுக்காகப் பேசறான்னு சொல்லுவீங்களே!"

"அதுக்கு என் முட்டைங்கதான் கிடைச்சுதா?" ஆட்காட்டி சிறகடித்துச் சீறியது.

அதுவரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்த தவளை மெல்லக் கேட்டது: "ஏங்க, உங்க ரெண்டு பேர் இடத்துக்கும் நடுவுல ஒரு பாறைப் பிளவு இருக்கே? அங்கே யார் வீடும் இல்லையே?"

"இதை ஏன் முன்னாடியே சொல்லலே?" என்றது பன்றி.

"சொன்னேனே! ஒன்பதாவது மடல்ல!"

யானைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பன்றி பாறைப் பிளவு வழியாகப் புதுக்கோடு கிழித்தது. மேடும் தப்பியது, உடும்பார் வளையும் தப்பியது.

உடும்பாருக்கு மட்டும் முகம் தொங்கிப் போயிருந்தது. "அப்போ இனிமே மடலே வேண்டாமா? நான் எதுக்கு இருக்கேன்?"

ஆட்காட்டி சொன்னது: "ஒருத்தருக்கு மட்டும் சொல்ல வேண்டியதுக்கு மடல் இருக்கட்டும் ஐயா, ஆனா எல்லாரையும் தொடுற முடிவை எல்லாரும் பார்க்கிற ஒரே இடத்துலதான் எழுதணும், ஆளுக்கொரு நகலாப் பிரிச்சுக் கொடுத்தா உண்மையும் தெரியாது, தப்புக்குப் பொறுப்பும் யாருக்கும் இருக்காது!"